எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது

என் சித்தி மகளுக்குப் போன வாரம் 31 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,400 கிராம். குழந்தை இன்னும் என்.ஐ.சி.யு.வில்தான் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறது. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்து, "நீதாம்மா அவளுக்குத் தைரியம் சொல்லணும்" என்கிறார்கள். அந்த நேரத்தில் தைரியம் யார் சொல்லியும் வருவதில்லை, எனக்கும் வரவில்லை. ஆனால் விவரம் யாராவது ஒழுங்காகச் சொல்லியிருந்தால் பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று அப்போது பல தடவை நினைத்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த விவரத்தை எழுதிவிடுகிறேன், அவளுக்கும், அவளைப் போல இருக்கிற மற்றவர்களுக்கும்.

என் மகள் 28 வாரத்தில் பிறந்தவள், 980 கிராம். எனக்கு பி.பி. ஏறி, இனியும் உள்ளே வைத்திருந்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். வருகிற ஆவணியில் மூன்று வயது நிறைகிறது. கண்ணாடி போட்டிருக்கிறாள், இரண்டு காலுக்கும் நேராகப் பிடித்துவைக்கிற ஸ்பிளின்ட் உண்டு, பிடிக்காமல் நடக்க இன்னும் வரவில்லை. பேச்சு மட்டும் கொட்டுகிறது, தெருவில் போகிற ஒருவரையும் விடமாட்டாள்.

இந்த மூன்று வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். குறைமாதக் குழந்தையை வளர்ப்பதில் இரண்டு வகைக் காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, பொறுமையாக இருந்தால் போதும், நேரம் வரும்போது வந்துவிடும். இன்னொன்றுக்குத் தேதி உண்டு, அந்தத் தேதி தாண்டினால் தாண்டியதுதான். சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பொறுக்க வேண்டியதில் "இன்னும் குப்புற விழலையா, இன்னும் தலை நிக்கலையா" என்று அவசரப்படுத்துவார்கள். ஓட வேண்டியதில் "குறைமாசப் பிள்ளைதானே, தானா சரியாயிடும்" என்பார்கள்.

முதலில் பொறுக்க வேண்டியதைச் சொல்கிறேன். எங்கள் பாப்பா ஆவணியில் பிறந்தாள், பிறந்திருக்க வேண்டியது கார்த்திகையில். வளர்ச்சியைப் பார்க்கும்போது கார்த்திகையில் இருந்துதான் கணக்குப் போட வேண்டும். டாக்டர்கள் இதைக் கரெக்டட் ஏஜ் என்பார்கள், இரண்டு வயது வரைக்கும் இப்படித்தான் பார்ப்பார்கள். தலை நிற்பது, சிரிப்பது, உட்காருவது, எடை, உயரம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு, அதைத் தள்ளிப்போடக் கூடாது (இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்திருந்தால் ஹெப்படைட்டிஸ் பி ஊசியை எப்போது போடுவது என்பதை டாக்டர் சொல்வார்). இந்த இரண்டு கணக்கையும் வீட்டில் எல்லோருக்கும் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. யாராவது "எத்தனை மாசம்?" என்று கேட்டால் கார்த்திகைக் கணக்கையே சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்லத் தெம்பு இருக்கிற நாளில் மட்டும் ஆவணியைச் சொல்வேன்.

நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தமிழ் டீச்சர். பாப்பா பிறந்த பிறகுதான் வேலையை விட்டேன். பிள்ளைத்தமிழைப் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த வளர்ச்சி அட்டவணையைப் பார்த்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கி ஆடுவதுதான் செங்கீரை. பிசியோ மேடம் பாயில் போட்டு எங்களைச் செய்யச் சொன்ன பயிற்சி கிட்டத்தட்ட அதேதான். பாப்பாவுக்குச் செங்கீரை கார்த்திகைக் கணக்குப்படியும் மிகத் தாமதமாகவே வந்தது. சப்பாணி கொட்டுவது கணக்குக்குச் சரியாக வந்தது. கையை விடக் கால்தான் அவளுக்குச் சிரமம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வருகைக்குத்தான் இன்னும் காத்திருக்கிறோம்.

இனி பொறுக்கக் கூடாதது. எல்லாவற்றுக்கும் முதலில் கண்.

வயிற்றுக்குள் இருக்கும்போது கண்ணின் பின்பக்கத்தில் இருக்கிற விழித்திரைக்கு ரத்தக் குழாய்கள் நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி மெதுவாக வளர்ந்துகொண்டு போகும், பத்து மாதம் நிறைகிற சமயத்தில்தான் ஓரத்தைத் தொடும். குழந்தை முன்னாடியே வந்துவிட்டால் அது பாதியில் நிற்கும். அப்புறம் வளருகிற குழாய்கள் சில குழந்தைகளுக்குத் தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும், பார்வை போய்விடும். இதைத்தான் ஆர்.ஓ.பி. என்கிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கண் நன்றாகத்தான் இருக்கும், குழந்தை விழித்துப் பார்க்கும். இதற்கென்று பழகிய கண் டாக்டர், கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்து போட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்து நான்கு வாரத்துக்குள் இந்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்பு பிறந்தவர்களுக்கும், 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இன்னும் முன்னாடியே, இரண்டு மூன்று வாரத்தில். ஒரு தடவை பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. குழாய்கள் முழுக்க வளர்ந்துவிட்டன என்று டாக்டர் வாயால் சொல்லும் வரை அவர் சொல்கிற தேதியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பாப்பாவுக்கு லேசர் செய்ய வேண்டி வந்தது. முடிவெடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும், நல்ல நாள் பார்க்க அதில் நேரமில்லை. சோதனையைப் பார்ப்பது கஷ்டம், இமையை க்ளிப் வைத்து விரித்துப் பிடிப்பார்கள், குழந்தை வீறிட்டு அழும், பார்க்கிற நமக்கு நெஞ்சே நின்றுவிடும். சித்தி மகளுக்கு நான் சொன்னது, பார்க்க முடியவில்லை என்றால் வெளியே நின்றுகொள், ஆனால் தேதியைத் தவறவிடாதே. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி கண் மருத்துவமனைகளில் இதற்கென்றே பழகிய டாக்டர்கள் இருக்கிறார்கள். குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் யாரும் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்றால், நீங்களே "ஆர்.ஓ.பி. எப்ப பாக்கணும் டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். லேசர் செய்த கண்ணுக்குக் கிட்டப்பார்வை வருவது உண்டு, பாப்பாவின் கண்ணாடி அதற்குத்தான். பின்பக்கம் எலாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறோம், கழற்றி எறிகிற பழக்கம் ஒருவழியாகப் போய்விட்டது.

காதுக்கும் இதேபோல. என்.ஐ.சி.யு.வில் இருந்த குழந்தைக்குக் கையைத் தட்டிப் பார்த்து "திரும்புறாளே" என்று விட்டுவிடக் கூடாது, சத்தத்துக்கு மூளை காட்டுகிற பதிலைக் கருவியில் பார்க்கும் பெரா டெஸ்ட் எடுக்க வேண்டும். கேட்பதில் குறை இருக்கிறதா என்பது மூன்று மாதத்துக்குள் உறுதியாகத் தெரிந்துவிட்டால், ஆறு மாதத்துக்குள் கருவி வைத்து, பேச்சைக் காப்பாற்றிவிடலாம். எங்களுக்கு அதில் பிரச்சினை இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்கள் பெரியவர்களோடு நடந்த போராட்டம் தனிக் கதை. என் மாமியார் அன்பானவர், ஊரில் எத்தனையோ பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்துக் கொடுத்தவர். "ஏம்மா, குளிப்பாட்டிட்டு சாம்பிராணி காட்டலைன்னா சளி பிடிக்காதா?" என்றார். பாப்பா ரொம்ப நாள் ஆக்ஸிஜனில் இருந்தவள், நுரையீரல் இன்னும் முழுதாகத் தேறவில்லை, எந்தப் புகையும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூக்கில் எண்ணெய் விடுவது, ஊதிச் சளி எடுப்பது, உரை மருந்து, இது எதுவுமே கூடாது. தூளியும் முதலில் வேண்டாம் என்றார், கழுத்து முன்பக்கம் மடங்கினால் மூச்சுக்குத் தடையாகும், சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னார். நான் சொன்னால் அத்தைக்கு வருத்தமாகத்தான் இருக்கும் என்று தெரியும். அதனால் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போய், டாக்டர் வாயாலேயே கேட்க வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் காவல் அவர்தான். பார்க்க வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உள்ளே நுழைய முடியாது, லேசாகத் தும்மினால்கூட "பெறகு வாங்க" என்று வாசலோடு அனுப்பிவிடுவார்.

அவர் செய்த இன்னொரு பெரிய காரியம் கங்காரு கேர். குழந்தையைத் துணி இல்லாமல், டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போட்டு, நம் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி ஒட்ட வைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல், போதுமான இன்குபேட்டர் இல்லாத ஒரு ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்கிற டாக்டர் தொடங்கிய முறை இது. இன்று இன்குபேட்டர் நிறைய இருக்கிற இடத்திலும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். நாளுக்கு எட்டு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும், கூட முடிந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு அம்மாவால் மட்டும் அது எப்படி முடியும்? சாப்பிட வேண்டும், பால் பீச்ச வேண்டும், தையல் வலியோடு கொஞ்சம் படுக்கவும் வேண்டும். அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். என் வீட்டுக்காரர் மில்லில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, சட்டை இல்லாமல் நாற்காலியில் சாய்ந்து பாப்பாவைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆம்பளை இதெல்லாம் செய்வதா என்று கேட்ட சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சரி, காலுக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்த தலை ஸ்கேனில், மூளைக்கு நடுவே நீர் நிறைந்திருக்கிற அறைகளை ஒட்டிய இடத்தில் சேதம் இருக்கிறது என்று சொன்னார்கள். பி.வி.எல். என்று எழுதிக் கொடுத்தார்கள். மூளையில் இருந்து காலுக்குப் போகிற நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிகப் பக்கத்தில் போகின்றன, கைக்குப் போகிறவை கொஞ்சம் தள்ளிப் போகின்றன. அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கையை விடக் கால் அதிகமாக விறைக்கிறது. இதை எனக்கு ஒரு தாளில் படம் போட்டு விளக்கியவர் ஒரு இளம் பிசியோதெரபிஸ்ட், அதுவரை யாரும் விளக்கவில்லை.

கார்த்திகைக் கணக்கில் மூன்று மாதம் தாண்டியபோது காலை நீட்டி விறைக்கிறாள், டயப்பர் மாற்றும்போது தொடையை விரிக்க முடியவில்லை என்று ஊரில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினேன். "குறைமாசக் குழந்தை, ரெண்டு வயசு வரைக்கும் பாருங்கம்மா, தானா நடந்துரும்" என்றார். மனசு அதைத்தான் கேட்க ஆசைப்பட்டது. ஆனால் என்.ஐ.சி.யு. டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபாலோ அப் தேதி கையில் இருந்தது, போனோம். அங்கே முதலில் கேட்டது ஒரு வீடியோ. பாப்பா விழித்து, அழாமல், மல்லாக்கப் படுத்திருக்கும்போது, பொம்மை காட்டாமல், யாரும் பேச்சுக் கொடுக்காமல், சில நிமிடம் மேலிருந்து போனில் எடுக்க வேண்டும். கரெக்டட் ஏஜ் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், நன்றாக இருக்கிற குழந்தைக்குக் கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக, விடாமல் ஒரு அசைவு இருக்கும். பாப்பாவிடம் அது இல்லை. அந்த வீடியோ, ஸ்கேன், கையால் தொட்டுப் பார்த்த நரம்புச் சோதனை, மூன்றையும் சேர்த்து வைத்து, சி.பி. வரக்கூடிய வாய்ப்பு அதிகம், இப்போதே தெரபி தொடங்குங்கள் என்றார்கள். மூளை முடக்குவாதம் என்பதைத்தான் எல்லோரும் சி.பி. என்பார்கள். 

அன்று பஸ்ஸில் வரும்போது நான் அழுததை எழுதப் போவதில்லை. ஆனால் இப்போது யோசித்தால், இரண்டு வயது வரை காத்திருந்து தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயமாக இருக்கிறது. முதல் இரண்டு வருடத்தில்தான் மூளை தனக்கு வேறு வழி கண்டுபிடிக்கிற வேகம் மிக அதிகம். நாம் காத்திருந்தாலும் தசை காத்திருக்காது, கெண்டைக்கால் சதை இறுகிக்கொண்டே போகும், குதிகால் தரையைத் தொடாது, இடுப்பு மூட்டு மெல்ல விலகத் தொடங்கும். பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்கிறவர்கள் நல்ல மனசோடு சொல்லலாம், ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது குழந்தை. அப்படியே தெரபி தொடங்கியபின் ஒன்றும் இல்லை என்று தெரிய வந்தாலும் நஷ்டம் என்ன? குழந்தையோடு பாயில் உட்கார்ந்து விளையாடிய நேரம்தானே.

தெரபி என்றதும் சென்டரில் போய் அரை மணி நேரம் காலைப் பிடித்துவிட்டு வருவது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த அரை மணி நேரம் நமக்குத்தான், பார்த்துக் கற்றுக்கொள்ள. மிச்சம் முழுக்க வீட்டில். எங்கள் பிசியோ மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார், "தனியா எக்சர்சைஸ்னு உக்கார வேண்டாம்மா, தூக்குறது, குளிப்பாட்டுறது, சாப்பாடு குடுக்குறது எல்லாமே தெரபிதான்." டயப்பர் மாற்றும்போது காலைச் சேர்த்துத் தூக்காமல் ஒருபக்கம் உருட்டி மாற்றுவது. இடுப்பில் வைக்கும்போது காலை நன்றாக விரித்து வைப்பது. உட்காரும்போது காலை இரண்டு பக்கமும் பின்னால் மடித்து உட்காரவிடாமல் சின்ன முக்காலி போட்டு உட்கார வைப்பது. சக்கரம் வைத்த வட்ட வாக்கர் எத்தனையோ பேர் பரிசாகக் கொடுக்க வந்தார்கள், அதை இந்தக் குழந்தைகளுக்குக் கட்டாயம் தவிர்க்க வேண்டும், நுனிக்காலில் உந்தி உந்தியே பழகிவிடுவார்கள். நம் ஊர் மர நடைவண்டி நல்லது, ஆனால் அது ஓடிவிடும். அதனால் அதன் மேல் ஒரு சின்ன மூட்டை அரிசியைக் கட்டி வைத்திருக்கிறோம், கனம் இருந்தால் அவள் தள்ளுகிற வேகத்துக்குத்தான் நகரும்.

சாப்பாடும் தெரபிதான். வாரக்கணக்கில் வாயில் டியூப், சக்ஷன் என்று இருந்த குழந்தைக்கு வாய்க்குப் பக்கத்தில் எது வந்தாலும் பயம். டியூபை எடுத்த பிறகு நர்ஸ் சிஸ்டர்கள் பாலாடையில் பால் புகட்டினார்கள், உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய 34 வாரம் வாக்கில்தான் குழந்தைக்கு வரும். அப்புறம் கூழ் வரைக்கும் சரி, இட்லி என்றால் குமட்டிவிடுவாள். ஸ்பீச் தெரபிஸ்ட் ஊட்டுவதையே நிறுத்தச் சொன்னார். கிண்ணத்தில் தயிரை வைத்து அவளே கையை விட்டு அளையட்டும், விரல் வாய்க்குப் போனால் போகட்டும், போகாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றார். வீடெல்லாம் தயிர். சில மாதத்தில் இட்லியைத் தானே பிட்டு வாயில் வைத்தாள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது ராஜபாளையம், எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட முடியாது. மாவட்டத்துக்கு ஒன்று என்று டி.இ.ஐ.சி. என்கிற அரசு மையங்கள் உண்டு, 2013-ல் வந்த ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய திட்டத்தின் கீழ். பிசியோ, பேச்சு, பார்வை, செவி எல்லாம் இலவசம், பிறந்த குழந்தையில் இருந்து 18 வயது வரை. பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் வழி சொல்வார்கள். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது, அவர்களின் களப்பணியாளர்கள் கிராமங்களுக்கே போய்ச் சின்னக் குழந்தைகளுக்குத் தெரபி சொல்லிக் கொடுக்கிறார்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம், கோட்டூர்புரத்தில் வித்யா சாகர். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற நிராமயா காப்பீட்டில் சி.பி. உள்ள குழந்தைக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால் பிள்ளைக்குப் பேர் வந்துவிடும் என்று தயங்குகிறவர்களைப் பார்க்கிறேன். அட்டையால் குழந்தைக்குப் புதிதாக எதுவும் வருவதில்லை, பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், உதவித்தொகையில் அவளுக்கு உரியது கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், ஸ்டெம் செல் ஊசி போட்டு நடக்க வைக்கிறோம் என்று போன் செய்வார்கள், நடக்கிற குழந்தைகளின் வீடியோவும் அனுப்புவார்கள். சி.பி.க்கு ஸ்டெம் செல் அனுமதிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, ஆராய்ச்சிக்குக் காசு வாங்கவும் கூடாது. நகையை அடகு வைத்து இதற்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணம் பல வருடத் தெரபிக்கு ஆகியிருக்கும்.

பாப்பாவுக்கு அடுத்த மாதம் இடுப்பு எக்ஸ்ரே. கெண்டைக்கால் சதைக்கு, இறுக்கத்தைச் சில மாதம் தளர்த்துகிற போடாக்ஸ் ஊசி போடலாமா என்பது அதற்குப் பிறகு முடிவாகும், போட்டால் அந்தச் சில மாதத்துக்குள் பயிற்சியை இன்னும் கூட்ட வேண்டும் என்பதால் அவர் இப்போதே மில்லில் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறார். அங்கன்வாடி டீச்சரைப் பார்த்துப் பேசியாயிற்று, சேர்த்துக்கொள்கிறேன் என்றார். வாசலில் இரண்டு படி இருக்கிறது, பிடித்து ஏறக் கம்பி வேண்டும். வெல்டிங் கடையில் அளவு கொடுத்திருக்கிறோம்.